ஹெமுடு சேத்துக்குள்ள 120 டன் நெல்லு: அவங்க விவசாயிங்களா, இல்ல பொறுக்கித் தின்னவங்களா?

ஜனவரி 4. தம்பி ஒருத்தர் போட்ட கேள்வி:
"சீனாவுல ஹெமுடுன்னு ஒரு எடம். 7000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க 120 டன் நெல்லு இருந்திருக்கு. அப்படின்னா அவங்க அப்பவே முழுநேர நெல் விவசாயிங்க, வேட்டையாடுறது காய் கனி பொறுக்குறது எல்லாத்தையும் விட்டுட்டாங்கன்னு தானே அர்த்தம்? இதுல மறுக்க என்ன இருக்கு?"

ஜனவரி 4, ராத்திரி 11.10
மறுக்க நெறைய இருக்கு தம்பி. அந்த 120 டன் அளந்து பாத்த கணக்கு இல்ல, மதிப்பீடு. நாளைக்கு உக்காந்து எழுதறேன், இப்ப கண்ணு சொருகுது.

ஜனவரி 5, காலை 6.30
முதல்ல எடம். ஜெஜியாங் மாகாணத்துல யூயாவ் ஊரு பக்கம், ஹாங்ஜோ வளைகுடாவுக்குத் தெக்க, யாவ் ஆத்தங்கரையில இருக்கு ஹெமுடு. 1973ல ஊர்க்காரங்க தண்ணி எறைக்கிற பம்ப் ஸ்டேஷன் கட்டப் பள்ளம் தோண்டும்போது தான் வெளிய வந்துச்சு. 73-74ல ஒரு தடவ, 77-78ல ஒரு தடவன்னு ரெண்டு சுத்து தோண்டினாங்க. நாலு அடுக்கு. அடியில இருக்கிறது ஏறக்குறைய 7000 வருஷம் பழசு.

அந்த அடி அடுக்குல தான் நெல்லு. ஆனா "நெல்லு"ன்னா மூட்டை கட்டி வச்ச நெல்லுன்னு நெனைச்சுடாதீங்க. உமி, வைக்கோல், நெல்லுத் தாளு, எலை, மரத்தூள், சிராய் எல்லாம் கலந்து ஒண்ணா அமுங்கிக் கெடந்த ஒரு படுகை. 400 சதுர மீட்டர் பரப்புக்கு மேல, சில எடத்துல ஒரு மீட்டருக்கும் மேல கனம். நடுநடுவுல நெல்லு மணி. அது மொத்தத்தையும் நெல்லாக் கணக்குப் போட்டா எவ்வளவு வரும்னு பின்னால ஒரு மதிப்பீடு பண்ணாங்க, அதுதான் 120 டன். புஸ்தகத்துக்கு புஸ்தகம் அது நகர்ந்து நகர்ந்து, கடைசியில "120 டன் நெல்லு கெடைச்சது"ன்னு ஆயிடுச்சு.

எங்க வீட்டுக் களத்துல பொலி தூத்தி முடிச்சப்புறம் ஓரமா கெடக்குற பதரும் கருக்காயும் தூசியும் எவ்வளவு ஒசரம் நிக்கும்னு பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். குவியல் பெருசா இருக்கேன்னு அத வச்சு வெளைச்சல் சொல்ல முடியாது.

ஜனவரி 5, மதியம்
இன்னொரு கணக்கு தோணுச்சு. சரி, 120 டன் உண்மைன்னே வச்சுக்குவோம். 60 கிலோ மூட்டைன்னா 2000 மூட்டை. அது ஒரே வருஷத்துல குமிஞ்சதா? அந்த படுகை சேர ஒரு நூறு வருஷம் ஆச்சுன்னு எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு 1.2 டன். குத்தி அரிசியாக்கினா 800 கிலோ சொச்சம். அரிசி மட்டுமே தின்னா நாலஞ்சு பேருக்குக் காணும். நூறு வருஷம்ங்கிறது நான் சும்மா எடுத்துக்கிட்ட எண்ணு தான், முப்பது வருஷம்னு வச்சாலும் ஒரு ஊரே வயிறு நெறைய சாப்பிட்ட கதை இதுல இல்ல.

ஜனவரி 6
"அப்ப சேறு இவ்வளவு நாள் எப்படி நெல்ல காப்பாத்துச்சு"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க.

காத்து போகாது, அவ்வளவு தான். நிலத்தடித் தண்ணி மேலயே நின்னு, களிமண்ணு மூடி, பிராணவாயு உள்ள போகாம இருந்தா மரத்தையும் உமியையும் திங்கிற பூஞ்சையும் பூச்சியும் பிழைக்காது. தோண்டும்போது உமியெல்லாம் பொன்னு நிறத்துல இருந்துச்சாம், காத்து பட்ட கொஞ்ச நேரத்துலயே கறுத்துப் போச்சாம். அத நேர்ல பாத்தவங்க மனசு எப்படி இருந்திருக்கும்! 7000 வருஷம் நெறம் மாறாம இருந்தது கண்ணு முன்னாடி கரியாகுது.

எங்க கொல்லைக் கிணத்த ஒரு கோடையில எறைச்சு சுத்தம் பண்ணாங்க. நான் அப்ப எட்டாவது. அடியில தாத்தா காலத்துல போட்ட நாவல் மரச் சட்டம் அப்படியே கட்டியா இருந்துச்சு, அருவாளால தட்டினா டங்குன்னு சத்தம். மேல ராட்டினம் கட்டியிருந்த கட்டையை அதுக்குள்ள மூணு தடவ மாத்தியாச்சு. எப்பவும் தண்ணிக்குள்ள இருக்கிற மரம் நிக்கும், நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு இருக்கிறது தான் மொதல்ல போகும். ஹெமுடுலயும் இதே தான். வீட்டுத் தூணுங்களோட அடிப்பாகம் வரிசை வரிசையா நிக்குது, மேல இருந்த கூரை எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் கொறைவு.

ஜனவரி 6, சாயந்திரம்
வீட்டப் பத்தி ஒண்ணு சொல்லாம போக முடியல. காலு ஊன்றி தரையத் தூக்கி, மேல பலகை போட்ட வீடுங்க. ஒண்ணு 23 மீட்டருக்கு மேல நீளம், 7 மீட்டர் அகலம், முன்னாடி ஒரு மீட்டர் சொச்சத்துக்கு திண்ணை மாதிரி தாழ்வாரம். ஒரு கட்டையில துளை, இன்னொண்ணுல நாக்கு, உள்ள சொருகினா பிடிச்சுக்கும். இரும்பு கெடையாது, செம்பு கெடையாது, எல்லாம் கல்லு உளியும் எலும்பும் தான். எங்க ஊரு ஆசாரி கிட்ட இந்தப் படத்தக் காட்டினப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இந்தத் துளைய கல்லால போட்டாங்களா"ன்னு மட்டும் மறுபடி மறுபடி கேட்டார்.

ஜனவரி 8
இப்ப விஷயத்துக்கு வரேன். அவங்க விவசாயிங்களா இல்லையான்னு நெல்லோட எடை சொல்லாது, நெல்லோட அடி சொல்லும்.

ஒரு நெல்ல எடுத்து, கதிரோட ஒட்டியிருந்த முனையப் பாருங்க. சின்ன வடு இருக்கும். காட்டு நெல்லு பழுத்ததும் அந்த எடத்துல ஒரு மெல்லிசு அடுக்கு தானா விட்டுப் பிரியும், மணி கொட்டிடும், வடு வழவழன்னு வட்டமா இருக்கும். நாம வெதைக்கிற நெல்லு அப்படி தானா கொட்டாது. அடிச்சோ மிதிச்சோ மிஷின்ல விட்டோ பிச்சு எடுக்கணும், அதனால வடு கிழிஞ்சு கரடுமுரடா இருக்கும். கொட்டாம கதிர்லயே நிக்கிற நெல்லு தன்னால அடுத்த வருஷம் மொளைக்காது, யாராவது எடுத்து வெதைச்சா தான் உண்டு. அந்தக் கிழிஞ்ச வடு தான் மனுஷனுக்கும் நெல்லுக்கும் நடந்த ஒப்பந்தம்.

இந்த அடி முனை தூசி அளவு தான் இருக்கும். காஞ்ச மேட்டுல கெடைக்கிற எடங்கள்ல எரிஞ்சு கரியானது மட்டும் மிஞ்சும். சேத்துக்குள்ள ஆயிரக்கணக்குல அப்படியே இருக்கு. ஹெமுடுலேர்ந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி தியன்லுவோஷான்னு இன்னொரு எடம் (பேருக்கு அர்த்தம் வயல் நத்தை மலை, எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு). 2001ல ஒரு ஃபேக்டரிக்குக் கிணறு தோண்டினப்ப கண்ணுல பட்டுச்சு, 2004லேர்ந்து தோண்டினாங்க. அந்த மண்ணத் தண்ணியில கரைச்சு சல்லடையில சலிச்சு, வடு வடுவா மைக்ரோஸ்கோப்ல வச்சு பிரிச்சாங்க. டோரியன் ஃபுல்லர், சின் லிங், ஜெங் யுன்ஃபேய் இவங்க எல்லாம் சேர்ந்து 2009ல சயன்ஸ் இதழ்ல எழுதினது இதுதான்:

6900 வருஷத்துக்கு முன்னாடி கொட்டாத நெல்லு 27 சதவீதம். 6600 வருஷத்துக்கு முன்னாடி 39 சதவீதம். அதே காலத்துல, கெடைச்ச செடி மிச்சங்கள்ல நெல்லோட பங்கு 8லேர்ந்து 24 சதவீதமா ஏறியிருக்கு.

அதாவது ஆரம்பத்துல, அந்த ஊருல மிஞ்சின நூறு செடித் துணுக்குல நெல்லு எட்டே எட்டு. மிச்சம் பெரும்பாலும் காட்டுல, கொளத்துல எடுத்தது. பொறுக்குறத விட்டுட்டாங்கன்னு சொன்ன தம்பிக்கு இது தான் பதில்.

ஜனவரி 8, ராத்திரி
படுத்தப்புறம் கணக்குப் போட்டேன். 300 வருஷம்னா தலைமுறைக்கு 25 வருஷம் வச்சு 12 தலைமுறை. 27லேர்ந்து 39ன்னா 12 புள்ளி. தலைமுறைக்கு ஒண்ணே ஒண்ணு!

நூறு நெல்லுல ஒரு நெல்லு. எந்தக் கெழவியும் தன் பேத்திகிட்ட "எங்க காலத்துல நெல்லு இத விட கொட்டும்"னு சொல்லியிருக்கவே முடியாது. யாருக்கும் தெரியாம நடந்திருக்கு. இத எழுதறப்ப கையெல்லாம் சிலிர்க்குது.

ஜனவரி 9
திருத்தம். நேத்து போட்ட எண்ணுக்கு ஒருத்தர் எதிர் எண்ணு கொண்டாந்திருக்கார், நியாயமான கேள்வி. அதே ஜெங் யுன்ஃபேய் 2007ல அதே தியன்லுவோஷான் நெல்லப் பாத்து, 51 சதவீதம் வீட்டு நெல்லு (மனுஷன் வெதைச்சு வளர்க்கிற, தானா கொட்டாத நெல்லு) வகைன்னு எழுதியிருக்கார். இப்ப ஏன் 27, 39ன்னு கேக்கிறார்.

என் புரிதல் இது. 2007ல ரெண்டே பெட்டி: வழவழப்பா, கிழிஞ்சதா. 2009ல மூணாவதா ஒரு பெட்டி சேர்த்தாங்க: பழுக்காம பச்சையாவே அறுத்தது. பச்சைக் கதிரப் பிடுங்கினா காட்டு நெல்லும் காம்புத் துணுக்கோட தான் வரும், அத வீட்டு நெல்லுன்னு எண்ணிடக் கூடாதே. அந்தப் பெட்டிக்கு ஒரு பங்கு போனதும் எண்ணு இறங்குது. இதுல சீன ஆராய்ச்சியாளர்கள் நடுவுலயே சண்டை உண்டு. 9000 வருஷத்துக்கு முன்னாடியே நெல்லு வீட்டுக்கு வந்தாச்சுன்னு ஒரு கூட்டம், 7000ல கூட முடியலன்னு இன்னொரு கூட்டம். எப்ப தொடங்குச்சுங்கிறதும் எப்ப முடிஞ்சுதுங்கிறதும் வேற வேற கேள்விங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா தான் சண்டையே வருது.

ஜனவரி 17 (பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து)
இத எழுதத் தான் ஓடி வந்தேன்.

எங்க ஊரு திருவாரூர்க்குக் கிழக்க, கடைமடை. சித்தப்பா புழுதி விதைப்பு தான் பண்றார். நேரடி விதைப்புல காட்டு நெல்லு தொல்லை ஜாஸ்தி. நாத்தாங்கால் விட்டு நட்டா வரிசையில இல்லாதத களையெடுக்கலாம், விதைச்ச வயல்ல ரெண்டும் ஒண்ணு போல நிக்கும், கதிர் வந்தப்புறம் தான் அடையாளம் தெரியும். வயலுக்கு முன்னாடியே பழுத்து, அறுப்பு மிஷின் வர்றதுக்குள்ள மொத்தத்தையும் வயல்லயே கொட்டிட்டு நிக்கும். அடுத்த வருஷம் அதுவே தானா மொளைக்கும்.

பொங்கலுக்கு மறுநா சாயந்திரம் வாய்க்கால் ஓரம் போய், அந்த மாதிரி ஒரு கதிர உள்ளங்கையில வச்சு லேசா தட்டினேன். பொலபொலன்னு கொட்டுச்சு. மீசை நீளமா, உமி கறுப்பா. பக்கத்து வயல்ல சித்தப்பாவோட சம்பாக் கதிர அதே மாதிரி தட்டினேன், ஒண்ணு கூட விழல. உருவித் தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. வீட்டுக்கு வந்து நகைக்கடையில கண்ணுல வச்சுப் பாக்கிற மாதிரி ஒரு பத்து மடங்கு லென்ஸ் வச்சிருக்கேன், அதுல பாத்தேன். காட்டு நெல்லோட அடியில பொட்டு வச்ச மாதிரி வட்டமா ஒரு குழி. சம்பாவுல கிழிஞ்ச நார். மைக்ரோஸ்கோப் படத்துல எத்தனையோ தடவ பாத்தது தான், ஆனா நம்ம கைல நம்ம வயல்ல பாக்கிறது வேற. சித்தப்பாகிட்ட நீட்டினேன். அவர் லென்ஸ்ல பாத்துட்டு, "இந்தக் குழி உள்ளவன் தான் என் வயலக் கெடுக்கிறவனா"ன்னார்.

அப்பாயி திண்ணையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எம்பது தாண்டியாச்சு. அது சொன்னத அப்படியே எழுதறேன்: "நல்லா பழுக்க விட்டா கொட்டிப்புடும், பச்சையா அறுத்தா கருக்காயாப் போவும். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாலு நா இருக்கு பாரு, அதப் பிடிக்கத் தெரிஞ்சவ தான் குடியானச்சி."

இந்த ஒரு வரியில தியன்லுவோஷான் மொத்தமும் இருக்கு. காட்டுத்தனம் போகாத நெல்லு வயல்ல ஒரே நாள்ல பழுக்காது, கதிரோட நுனி கொட்டிக்கிட்டு இருக்கும்போது அடி பச்சையா இருக்கும். அத இழக்கக் கூடாதுன்னு கொஞ்சம் முந்தியே அறுத்தா, கொட்டுற வகையும் கொட்டாத வகையும் சேர்ந்து வீட்டுக்கு வரும், ரெண்டும் சேர்ந்து வெதையாகும். அதனால தான் மாற்றம் அவ்வளவு மெதுவு. முந்தியே அறுக்கிற சாமர்த்தியமே அந்த மாற்றத்த பல நூறு வருஷம் தள்ளிப் போட்டிருக்கு.

ஜனவரி 18
மேல ஒண்ணு விட்டுப் போச்சு. சுத்துப்பட்டு சதுப்புல எல்லாம் காட்டு நெல்லு நிக்குது, காத்துல பூந்தாது வந்துக்கிட்டே இருக்கு, கலப்பும் நடந்துக்கிட்டே இருக்கும். அதோட கொட்டின நெல்லு தானா மொளைச்சு மறுபடி அதே வயல்ல நிக்கும். சித்தப்பா வயல்ல நடக்கிறதே தான். கொட்டாம இருக்கிறதுக்குக் காரணமான மரபணு ஒண்ண 2006ல கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரே ஒரு எழுத்து மாறினா போதும், நெல்லோட பிடி இறுகிடும். எழுத்து மாற ஒரு கணம் போதும். அது ஊரெல்லாம் பரவத் தான் அத்தனை நூறு வருஷம்.

ஜனவரி 21
"அப்ப என்ன தான் சாப்பிட்டாங்க"ன்னு மூணு பேர் கேட்டாச்சு.

ஓக் மரத்துக் கொட்டை. குழி வெட்டி அதுல போட்டு வச்சிருந்தாங்க, குழியோட கெடைச்சிருக்கு. அது துவர்க்கும், தண்ணியில ஊறப் போட்டு துவர்ப்ப எடுத்தா தான் மாவாக்கித் திங்கலாம். அப்புறம் சிங்காடா, ரெண்டு கொம்பு வச்ச மாதிரி இருக்குமே, வடக்க ஏரியில வெளையுறது. அப்புறம் மக்கானா. நம்ம கடையில சில பேரு தாமரை விதைன்னு பேரு போட்டு விக்கிறாங்க, அது தாமரை இல்ல, அல்லி சாதியில முள்ளு எலை உள்ள வேற கொடி. ஆத்து மீன் ஏராளம், மானு, பன்னி, எருமை.

எனக்கு இதுல ஒரு விஷயம் பிடிச்சிருக்கு. எல்லாமே தண்ணிக்கும் காட்டுக்கும் நடுவுல இருக்கிற சாப்பாடு. நெல்லும் அப்ப அதுல ஒண்ணு தான், சதுப்புல நிக்கிற இன்னொரு புல்லு. அதுக்கு மட்டும் ஒரு சிம்மாசனம் போட்டது பின்னால வந்த நாம.

ஜனவரி 22
இல்ல, நேத்து கொஞ்சம் ஓவரா சொல்லிட்டேன். "இன்னொரு புல்லு"ன்னு தள்ள முடியாது. தியன்லுவோஷான்ல வயலே கெடைச்சிருக்கு, ஊருக்குப் பக்கத்துல மண்ணுக்கு அடியில. அதோட விதைகள்ல கோரையும் மத்த களைகளும் அந்த 300 வருஷத்துல கூடிக்கிட்டே போகுது. கோரை ஏறுதுன்னா அங்க ஒருத்தர் மண்ணக் கிளறிக்கிட்டு இருக்கார்னு அர்த்தம், கோரை பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு விட்டவங்களுக்கு இத வெளக்கிச் சொல்ல வேணாம். சாப்பாட்டுல நெல்லு சின்னப் பங்கு, உழைப்புல பெரிய பங்கா இருந்திருக்கலாம்.

வெளைச்சல் மதிப்பீடு கூட இருக்கு. முந்தின வயல்ல ஹெக்டேருக்கு சுமார் 830 கிலோ, பிந்தினதுல 950. நம்ம கணக்குல ஏக்கருக்கு அஞ்சரையிலேர்ந்து ஆறரை மூட்டை. சித்தப்பாவுக்கு இந்த வருஷம் 28 மூட்டை, அதுக்கே முகம் வாடி உக்காந்திருந்தார்.

ஜனவரி 22, ராத்திரி
எருமையால வயல மிதிக்க விட்டு சேறாக்கியிருப்பாங்களேன்னு ஒருத்தருக்கு "ஆமா இருக்கலாம்"னு பதில் போட்டிருந்தேன். அத அழிச்சுட்டேன்.

ஜனவரி 24
ஏன் அழிச்சேன்னு கேட்டதால சொல்றேன். ஹெமுடுல எருமை எலும்பு குவியலா கெடைச்சதும் ரொம்ப நாள் அது வளர்த்த எருமைன்னே எழுதிக்கிட்டு இருந்தாங்க. நானும் அப்படித் தான் படிச்சிருந்தேன். ஆனா சீனாவோட பழைய எருமை இப்ப இருக்கிற வளர்ப்பு எருமையோட மூதாதை இல்ல, அது தனி இனம், அழிஞ்சே போச்சு. வடக்க வேற எடத்துக் கற்கால எருமை எலும்புல மரபணு எடுத்துப் பாத்ததுலயும் அதே பதில் தான். ஆக இது வேட்டையாடின எருமை.

அந்த எருமையோட தோள்பட்டை எலும்ப எடுத்து, நடுவுல ஓட்டை போட்டு, மரப்பிடி வச்சு கொடியால கட்டி, மண்ணுகிளறியா ஆக்கியிருக்காங்க. நூத்துக்கும் மேல கெடைச்சிருக்கு. கட்டின கொடியோட ஒண்ணு கெடைச்சது, அத நினைச்சா தான் எனக்கு இந்த சேத்து மேல இவ்வளவு மரியாதை. எலும்பு எங்க வேணா மிஞ்சும், கட்டின கொடி எங்க மிஞ்சும்? அந்த முடிச்சப் போட்ட கை ஒண்ணு இருந்திருக்கே.

காட்டுல அடிச்ச எருமையோட தோளால வயலக் கிளறியிருக்காங்க. இவங்கள வேட்டைக்காரப் பெட்டியில போடுறதா, விவசாயிப் பெட்டியில போடுறதா?

பிப்ரவரி 2
டீ பத்தி கேட்டவருக்கு: ஆமா, தியன்லுவோஷான்ல வரிசையா நட்ட மாதிரி இருந்த மர வேருங்கள டீ செடின்னு சொல்லியிருக்காங்க, ஏறக்குறைய 6000 வருஷம். அத காய்ச்சிக் குடிச்சாங்களான்னு வேருங்க சொல்லாது. இந்த இழையில டீக்குள்ள போனா திரும்பி வர முடியாது, விடுங்க.

பிப்ரவரி 11
"இவ்வளவு நல்லா இருந்த ஊர ஏன் விட்டுப் போனாங்க?"

கடல். அந்தப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு ரொம்பக் கிட்ட. கடல் ஏறும், இறங்கும், வயல் மேல உப்பு மண்ணு படியும், மறுபடி நல்ல தண்ணி வரும், மறுபடி வயல் போடுவாங்க. வயலுக்கு மேல வண்டல், அதுக்கு மேல இன்னொரு வயல்னு அடுக்கடுக்கா இருக்கு. ஹெமுடுல மேல் அடுக்குல சதுரமா மரச்சட்டம் போட்டுக் கட்டின கிணறு ஒண்ணு இருக்கு. ஆத்தங்கரையில குடியிருக்கிறவங்களுக்கு எதுக்குக் கிணறு? ஆத்துத் தண்ணி உப்புக் கரிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது. இது என் ஊகம் தான், கடைமடைக்காரங்களோட ஊகம்.

இன்னும் பழசு ஒண்ணு, ஜிங்தோஷான். தியன்லுவோஷான் பக்கத்துலயே. தரைக்குக் கீழ அஞ்சுலேர்ந்து பத்து மீட்டர் ஆழத்துல 8000 வருஷத்து கிளிஞ்சல் மேடு. 2019-20ல தண்ணி உள்ள வர விடாம சுத்தி இரும்புச் சுவர் எறக்கித் தோண்டினாங்க. அவ்வளவு ஆழத்துக்கு மண்ண கொண்டாந்து மூடினது கடல் தான். ஹாங்ஜோவுக்குத் தெக்க குவாஹுச்சியாவ்லயும் அப்படித் தான், 8000 வருஷத்து ஓடம் கெடைச்ச எடம், அதையும் கடல் தான் மூடிச்சு.

2004 சுனாமி அப்ப நாகப்பட்டினம் பக்கம் வயல்ல உப்பு ஏறி வெள்ளையா பூத்துக் கெடந்தத நான் பாத்திருக்கேன். மழை வந்து கழுவி, தழையுரம் போட்டு, மறுபடி பச்சை கட்ட வருஷம் ஆச்சு. "மறுபடி வயல் போட்டாங்க"ன்னு ஆராய்ச்சிக் கட்டுரையில ஒரு வரியில போயிடுது. அந்த ஒரு வரிக்குள்ள எத்தனை வருஷம் பட்டினின்னு அதப் பாத்தவங்களுக்குத் தான் தெரியும்.

பிப்ரவரி 12
தம்பி விடாம கேக்கிறார்: "அப்ப எப்ப தான் முழு விவசாயி ஆனாங்க, தேதி சொல்லுங்க."

தேதி கெடையாது. ஆனா மறு முனைய காட்டலாம். அதே பகுதியில லியாங்ஜு, 5300லேர்ந்து 4300 வருஷத்துக்கு முன்னாடி. மதில், அணை, வாய்க்கால், அரண்மனை மேடு. 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு. அங்க களஞ்சியம் எரிஞ்சு கரியான நெல்லு ஒரு எடத்துல மட்டும் கிட்டத்தட்ட 200 டன் இருந்திருக்கும்னு மதிப்பிட்டிருக்காங்க. இது உமிப் படுகை இல்ல, சேத்து வச்ச நெல்லு. ஊருக்குச் சோறு போடுற நெல்லு அப்படித் தான் இருக்கும்.

ஹெமுடுவோட 120 டன்னையும் இதோட 200 டன்னையும் ஒரே தராசுல வைக்காதீங்க, அவ்வளவு தான் நான் முதல் நாள்லேர்ந்து சொல்றது. நடுவுல ரெண்டாயிரம் வருஷம் போயிருக்கு.

பிப்ரவரி 12, பின்னால
இன்னொண்ணு, கொஞ்சம் மனசுல பட்டது. "விவசாயி ஆகல"ன்னு நான் சொன்னத ரெண்டு பேர் கொறைச்சுப் பேசினதா எடுத்துக்கிட்டாங்க. அப்படி இல்ல. கடல் வயல மூடினா காட்டுக்குப் போகத் தெரியும், கொட்டை காய்க்காத வருஷம் கொளத்துல எறங்கத் தெரியும், அதோட நெல்லும் போட்டுப் பாத்தாங்க. இத ஒரு படி கீழன்னு என்னால சொல்ல முடியல. எங்க ஊருல மழை பொய்ச்ச வருஷம் நெல்லத் தவிர வேற கைல இல்லாதவங்க பட்ட பாட்ட பாத்து வளர்ந்தவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

பிப்ரவரி 26
வாய்க்கால் ஓரத்து காட்டு நெல்லு இருபதும், சித்தப்பா சம்பா இருபதும் கொண்டாந்திருந்தேன்ல, மாடியில ரெண்டு பழைய பெயிண்ட் வாளியில சேறு கொழைச்சுப் போட்டு வச்சிருக்கேன். போட்டது பிப்ரவரி 6. சம்பா நாலாம் நாளே மொளைச்சு பதினெட்டு வந்துடுச்சு, எல்லாம் ஒரே ஒசரம். காட்டு நெல்லு இருபது நாள்ல மூணே மூணு. மிச்சம் பதினேழும் செத்ததா இல்ல தூங்குதான்னு ரெண்டு மூணு தோண்டிப் பாத்தேன், அமுக்கினா உள்ள கெட்டியா தான் இருக்கு.

கொட்டாம நிக்கிறதப் பத்தியே இவ்வளவு நாள் பேசிட்டோம், இந்தத் தூக்கத்த மறந்துட்டோம். எல்லா வெதையும் ஒரே மழைக்கு மொளைச்சா ஒரு வெள்ளத்துல மொத்தமும் போயிடும்னு காட்டு நெல்லு பங்கு பங்கா எழும்பும். வெதைக்கிறவனுக்கு அது ஆகாது, போட்டதும் மொளைக்கிறது மட்டும் தான் அறுப்புக்கு நிக்கும், மறு வருஷத்துக்கு அதுதான் வெதை. ஆனா தூக்கம் வடு மாதிரி தடம் விடாது, சேத்துல தேடினாலும் கெடைக்காது.

மார்ச் 9
காட்டு நெல்லு இன்னைக்கு ஏழு. சம்பா வாளியில இடம் பத்தல, பாதிய பிடுங்கி பக்கத்து வீட்டு அண்ணன் தொட்டிக்குக் குடுத்துட்டேன். காட்டு நெல்லு கதிர் வர்றப்ப கொசுவலைத் துணியில பை தெச்சு கட்டணும், இல்லன்னா எண்ண ஒண்ணு கூட மிஞ்சாது. அப்பாயிகிட்ட ஃபோன்ல சொன்னேன், பழைய வேட்டித் துணி தான் நல்லது, காத்து போகும்னுச்சு.